தத்துவ வகுப்பும் பெயரில்லாத ஓர் அடிமைச் சிறுவனும்

(இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர்களுக்குத் தத்துவத்தை எப்படிச் சொல்லித் தருவது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எப்படிச் சொல்லித் தரக்கூடாது என்று தலைப்பு கொடுத்திருந்தால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். அதில் எனக்கு ஆறு வருட அனுபவம் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது ஓர் அரசு கலைக்கல்லூரியில். எங்கள் கல்லூரியில் தத்துவத்துக்குத் தனித் துறை கிடையாது. வரலாறும் தமிழும் படிக்கிற பிள்ளைகளுக்கு விருப்பப் பாடமாக ஒரு தாள் இருக்கிறது. விருப்பப் பாடம் என்றால் யாருடைய விருப்பம் என்று கேட்காதீர்கள். மற்ற தாள்களில் இடம் நிரம்பியதும் மிச்சம் இருப்பவர்கள் என் வகுப்புக்கு வருவார்கள். அறுபது பேர். பெரும்பாலும் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். காலை ஷிப்ட் முடிந்ததும் சிலர் ஜவுளிக்கடைக்குப் போவார்கள், சிலர் பெட்ரோல் பங்குக்கு. முகூர்த்த நாள் வந்தால் வகுப்பு பாதி காலி. கேட்டரிங் வேலைக்குப் போய் விடிய விடிய இலை போட்டுப் பரிமாறிவிட்டு, மறுநாள் கடைசி பெஞ்சில் தலை சாய்ப்பார்கள். இவர்களுக்குத்தான் சாக்ரடீசையும் சாங்கியத்தையும் சொல்லித் தரவேண்டும்.

முதல் வருடம் முதல் வகுப்பில் நான் சொன்னது: "எழுதிக்கோங்க. ஃபிலோஸ் என்றால் அன்பு. சோஃபியா என்றால் அறிவு. ஆக, தத்துவம் என்பது அறிவின் மீதான அன்பு." அறுபது பேனாக்களும் ஓடின. ஒருவன் மட்டும் கையைத் தூக்கி, "சார், அன்புக்குப் பதிலா காதல்னு எழுதினா மார்க் குறைப்பாங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் அவனை உட்காரச் சொன்னேன். அந்தப் பருவம் முழுக்க என் வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே தத்துவக் கேள்வி அதுதான் என்று இப்போது படுகிறது.

பாடத்திட்டத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தத்துவம் என்றால் வேதத்தை ஏற்பவை ஆஸ்திகம், ஏற்காதவை நாஸ்திகம் என்று முதல் பக்கத்திலேயே கோடு போட்டுவிடுவார்கள். யார் போட்ட கோடு என்று கேட்க இடமில்லை. சார்வாகத்துக்கு ஒன்றரைப் பக்கம். அவர்களுடைய கருத்துகளில் பெரும்பகுதி அவர்களை மறுத்தவர்கள் எழுதியதன் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது என்ற செய்தியை அடிக்குறிப்பில்கூடப் போடமாட்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகம் சார்வாகத்தை முதல் அத்தியாயத்தில் வைக்கிறது, முதலில் அடித்துக் கீழே தள்ளுவதற்காக. நம் கைடுகள் இன்றும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். இயக்கத்திலிருந்து வந்தவன் நான். அதனால் நோட்ஸ் சொல்லும் பழக்கத்தை இரண்டாவது வருடம் விட்டுவிட்டு, வகுப்பை மேடையாக்கினேன். புத்தரைப் பேசினேன், அயோத்திதாசரைப் பேசினேன், அம்பேத்கரையும் பெரியாரையும் பேசினேன். கர்மக் கொள்கையைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். கை தட்டினார்கள். விடைத்தாள்களில் நான் சொன்னதை அப்படியே எழுதினார்கள். நானும் மதிப்பெண்களை அள்ளிப் போட்டேன். நல்ல ஆசிரியர் என்று பெயரும் வந்தது. இப்படி நாலு வருடம்.

அந்த நாலாவது வருடத்தில் கர்மக் கொள்கை பற்றிய கேள்விக்கு ஒரு மாணவன் மிக நன்றாக எழுதியிருந்தான். முன்வினைக்குச் சான்று இல்லை. சான்று இல்லாத ஒன்றை வைத்துப் பிறப்பால் வந்த இழிவை நியாயப்படுத்துவது ஆதிக்கத்தின் தந்திரம். எல்லாம் வரிசையாக இருந்தது. அடுத்த மாதம் அவன் அப்பா இறந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வந்தவனைக் கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: "எங்கம்மா, போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோன்னு சொல்லிச் சொல்லி அழுவுறாங்க சார். அப்படி இல்லம்மான்னு சொல்லணும்னு தோணுது. வாய் வரமாட்டேங்குது. ஏன்னா அது எனக்குத் தெரியாது சார். எழுதத்தான் தெரியும்."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் மறுத்த ஒரு கொள்கையின் இடத்தில் நான் வைத்தது இன்னொரு மனப்பாடத்தை. சொந்தப் புத்தியால் சிந்தித்துப் பார் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பெரியாரையே ஒப்பிக்கும் பாடமாக்கியிருந்தேன். பார்ப்பனியம் சுலோகத்தை மனப்பாடம் செய்ய வைத்தது என்று மேடையில் பேசுகிறோம். என் வகுப்பில் நடந்தது வேறா?

அடுத்த வருடம் பேச்சைக் குறைத்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் பழைய இடத்துக்கே, பிளேட்டோவுக்குப் போனேன். 'மெனோ' என்ற உரையாடல் நூலில் ஒரு காட்சி உண்டு. மெனோ என்ற பணக்கார இளைஞனின் வீட்டு அடிமைச் சிறுவன் ஒருவனைச் சாக்ரடீஸ் கூப்பிடுகிறார். தரையில் ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் இரண்டடி, பரப்பு நாலு சதுர அடி. இதைப்போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும், பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையில் சதுரத்தைப் போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். "நாலடி சார்" என்று பத்து குரல். வரைந்து காட்டினேன். பரப்பு பதினாறு. அமைதி. "அப்ப மூணடி." வரைந்தேன். ஒன்பது. இரண்டாயிரத்து முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒரு நூலில் அந்தச் சிறுவன் செய்த இரண்டு தவறுகளையும் அதே வரிசையில் என் வகுப்பும் செய்தது. எனக்குச் சிலிர்த்தது, காட்டிக்கொள்ளவில்லை. கால்குலேட்டரை எடுத்த ஒருவன் "ரெண்டு புள்ளி எட்டு ரெண்டு எட்டு... முடியவே மாட்டேங்குது சார்" என்றான். பத்து நிமிடம் யாருக்கும் எதுவும் ஓடவில்லை. பதிலைச் சொல்லிவிட என் நாக்கு துடித்தது. ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும், வகுப்பில் பத்து நிமிட மௌனம் என்பது எவ்வளவு நீளம் என்று.

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். "குறுக்க போடுங்க சார்" என்றாள். சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு. அந்தக் கோட்டைப் பக்கமாக வைத்து ஒரு சதுரம். பாதிச் சதுரம் நாலு சேர்ந்தால் எட்டு. எப்படிம்மா தெரிந்தது என்றேன். அவள் அப்பா கொத்தனார். லீவு நாளில் சித்தாள் வேலைக்குக் கூடப் போவாளாம். "மூலைமட்டம் சரியா இருக்கான்னு குறுக்க நூல் பிடிச்சுத்தான் பாப்பாங்க சார்." அதுவரை அந்தப் பெண்ணின் குரலை நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் மெனோவில் அந்தப் பக்கங்களை உரக்கப் படித்தோம். சாக்ரடீஸ் இதை எதற்காகச் செய்கிறார்? கற்பது என்பது ஆன்மா ஏற்கனவே அறிந்ததை நினைவுகூர்வதே என்று காட்ட. அதை ஒரு பாடமாக நடத்தலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கடைசி பெஞ்சில், முந்தின நாள் இரவு முழுக்கப் பந்தி பரிமாறிவிட்டு வந்த ஒருவன் கேட்டான்: "அந்தப் பையன் பேர் என்ன சார்?"

பெயர் இல்லை. நூல் முழுக்க அவனுக்குப் பெயர் இல்லை.

"அப்புறம் அவன் என்ன ஆனான்?"

ஒன்றும் ஆகவில்லை. சாக்ரடீசும் மெனோவும் அறம் கற்பிக்கக் கூடியதா என்று தொடர்ந்து பேசுகிறார்கள். அவன் அந்த உரையாடலில் மறுபடி வாய் திறப்பதில்லை.

நான் நடத்த நினைத்ததெல்லாம் அதோடு போயிற்று. ஓர் அடிமைக்கும் தன் எசமானைப் போலவே வடிவியல் புரியும் என்று கண்ணெதிரே நிரூபித்துவிட்டு, அவனை எப்படி அடிமையாகவே திருப்பி அனுப்ப முடிந்தது? புத்தி சமம் என்பதிலிருந்து மனிதர் சமம் என்பது தானாக வருமா, அல்லது இடையில் இன்னொரு படி வேண்டுமா? ஒருவன் சொன்னான், "கணக்கு போடத் தெரிஞ்சாத்தான் மனுஷன்னா, தெரியாதவங்க அடிமையா இருக்கலாமா சார்?" நண்பர்களே, சமத்துவத்துக்கு அறிவை அடிப்படையாக வைப்பதா கூடாதா என்பது தத்துவத்தில் இன்றும் தீராத கேள்வி. நான் அந்தக் கேள்வியைச் சொல்லித் தரவில்லை. இடமும் படமும் கொடுத்தேன், அவ்வளவுதான். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

இதை ஒரு 'டெக்னிக்' என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். அடுத்த வருடம் இதையே செய்தேன், பாதிதான் வேலை செய்தது. ஒரு கெட்டிக்காரன் முதல் நிமிடத்திலேயே மூலைவிட்டம் என்று சொல்லிவிட்டான்.

இரண்டாவதாக நான் கைவிடாமல் வைத்திருப்பது மணிமேகலை. தமிழ் மாணவர்கள் அதை இலக்கியத் தாளில் அமுதசுரபிக் கதையாகப் படித்திருப்பார்கள். 27ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் அளவைவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்கிறாள். எந்த உருவத்தில்? ஆண் துறவி உருவத்தில். நீ இளம்பெண் என்பதால் உனக்கு அவர்கள் சொல்லமாட்டார்கள் என்று முன்னமே அவளிடம் சொல்லப்படுகிறது. இந்த ஒரு செய்தியை வகுப்பில் சொன்னால் போதும், பெண்கள் பக்கம் நிமிர்ந்து உட்காரும்.

29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். ஒரு கூற்று, அதற்கு ஏது, அதற்கு எடுத்துக்காட்டு. ஒலி அழியக்கூடியது; உண்டாக்கப்படுவதால்; குடத்தைப் போல. எந்த ஏது போலி, எந்த எடுத்துக்காட்டு போலி என்று நீளமான பட்டியலும் உண்டு. தருக்கவியலைத் தமிழில் சொல்ல வார்த்தை இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தக் காதையைப் படிக்கவில்லை என்று பொருள். எனக்கு அதன் சமய முடிவுகளைவிட இந்த மூன்று உறுப்புகள்தான் வேண்டும். மாணவர்களிடம் சொல்வேன்: இந்த வாரம் உங்கள் வீட்டில், பஸ்ஸில், டீக்கடையில் கேட்ட ஒரு வாக்கியத்தைக் கொண்டு வாருங்கள். கூற்று எது, ஏது எது, எடுத்துக்காட்டு எது என்று பிரியுங்கள்.

வருவதையெல்லாம் சொல்ல நேரம் போதாது. ஒன்று மட்டும். "எங்க தாத்தா காலத்துலேருந்து இப்படித்தான், அதனால இதுதான் சரி." ஏது: பழையதாக இருத்தல். எடுத்துக்காட்டு? பழையதாக இருந்து சரியாகவும் இருப்பதைக் காட்டு என்றால் காட்டிவிடுவார்கள். பழையதாக இருந்து தவறாக இருப்பதைக் காட்டு என்றால் அதையும் காட்டுவார்கள், குழந்தைத் திருமணம் என்பார்கள். ஆக, இரண்டு பக்கமும் போகிற ஏது எதையும் நிறுவாது. நான் சாதி என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. இதே சோதனையை நம் ஆட்கள் பேசும் வாக்கியங்களுக்கும் வைக்கச் சொல்வேன். "தமிழர்கள் ஆதியிலிருந்தே இப்படித்தான், அதனால்..." என்று தொடங்கும் வாக்கியங்கள் நம் மேடைகளிலும் குறைவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கசப்பானது.

எதிராளியின் கருத்தை அவரே ஒப்புக்கொள்கிற அளவுக்கு வலுவாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்ற பழக்கத்தை வகுப்பில் கொண்டுவந்தேன். நல்ல பழக்கம். ஒருநாள் அந்த வேகத்தில் வர்ண தர்மத்தை எடுத்துக்கொண்டேன். யாராவது இதன் பக்கம் நின்று வாதாடுங்கள் என்றேன். ஒருவன் எழுந்தான். சும்மா பயிற்சிக்குத்தான் பேசினான், ஆனால் நன்றாகப் பேசினான். கொஞ்சம் ரசித்தும் பேசினான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நடுவில் ஒரு மாணவி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் துறை வாசலில் வந்து நின்றாள். "நான் மனுஷியா இல்லையான்னு அவங்க விவாதிப்பாங்க, நான் உக்காந்து கேட்டுட்டு அப்புறம் பதில் சொல்லணுமா சார்?"

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்பு கேட்டேன். அவள் தலையசைத்தாள். பட்டம் முடித்துப் போனாள். அடுத்த பருவத்தில் என் தாளை எடுக்கவில்லை.

கருத்துச் சுதந்திரம், திறந்த விவாதம் என்று பேசுகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வகுப்பறையில் எல்லோரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவனுக்குப் பேச்சுப்பயிற்சியாக இருப்பது இன்னொருத்திக்கு அவள் தெரு. அதற்காக இந்தக் கேள்விகளையே தொடாமல் விடுவதா? விட்டால் அந்தக் கருத்துகள் வகுப்புக்கு வெளியே யாரும் மறுக்காமல் உலவும்.

நான் இப்போது செய்வது இது. மாணவனை வாதாட நிறுத்துவதில்லை, அச்சிட்ட தாளை நிறுத்துகிறேன். அதற்கு அம்பேத்கரைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை. 1936இல் லாகூர் மாநாட்டில் பேசவேண்டிய தலைமையுரையை, கூட்டம் நடத்துபவர்கள் அதன் கருத்துகளுக்கு அஞ்சிக் கூட்டத்தையே ரத்து செய்ததால், தன் சொந்தச் செலவில் 'சாதி ஒழிப்பு' என்ற நூலாக அச்சிட்டார். காந்தி தன் ஹரிஜன் இதழில் அதை மறுத்து எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் என்ன செய்தார்? காந்தியின் மறுப்பைத் தன் நூலிலேயே பின்னிணைப்பாகச் சேர்த்து, அதற்குத் தன் பதிலையும் சேர்த்து வெளியிட்டார். இடம் கொடுக்க மறுக்கப்பட்டவர் எதிராளிக்குத் தன் புத்தகத்தில் இடம் கொடுக்கிறார்!

காந்தியின் வாதங்களில் ஒன்று: ஒரு மதத்தை அதன் மோசமான மாதிரிகளை வைத்து அல்ல, அது உருவாக்கிய சிறந்த மனிதர்களை வைத்தே மதிப்பிட வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் முதலில் படிப்போம். பெரும்பாலோருக்கு நியாயமாகப் படும். படட்டும். நம் இயக்கத்தையும் அப்படி மதிப்பிட வேண்டும் என்று நாமும் ஆசைப்படுவோம் இல்லையா? ஒரு வாரம் அப்படியே விடுவேன். அப்புறம்தான் அம்பேத்கரின் பதில்: சிறந்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு, மோசமானவர்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்று அவர் கேட்கிறார். ஒரு வாரம் அந்த வாதத்தோடு வாழ்ந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். முதல் நாளே பதிலைக் கொடுத்தால் அது என் பழைய விடைத்தாள்தான்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. அச்சிட்ட தாளும் புண்படுத்தும். எந்தப் பகுதியைப் படிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாரையும் 'உன் அனுபவத்தைச் சொல்' என்று எழுப்புவதில்லை. ஒரு சமூகத்துக்குப் பிரதிநிதியாக நிற்பது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் வேலை இல்லை.

தேர்வு பற்றிக் கேட்பீர்கள். செமஸ்டர் தேர்வை என்னால் மாற்ற முடியாது, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து பாயிண்ட் எழுதத்தான் வேண்டும். அதை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், பிள்ளைகள் அதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். இன்டர்னல் மதிப்பெண் என் கையில் இருக்கிறது. ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். முதல் பாதியில் தான் ஏற்காத கருத்தின் வலுவான வடிவம், இரண்டாம் பாதியில் தன் பதில். முதல் பாதிக்குத்தான் மதிப்பெண் அதிகம். வட்டார வழக்கில் எழுதலாம். ஆங்கிலக் கலைச்சொல் தெரியாததற்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை.

அப்படியானால் நீங்கள் நடுநிலையா என்று சென்ற மாதம் ஒரு தோழர் கோபமாகவே கேட்டார். இல்லை. அம்பேத்கருக்கு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் டூயியும் நடுநிலையாளர் இல்லை. ஜனநாயகம் என்பது வெறும் ஆட்சிமுறை அல்ல, சேர்ந்து வாழும் முறை என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அந்தக் கருத்தை 'சாதி ஒழிப்பு' நூலில் நீங்கள் பார்க்கலாம். மாணவர் அதை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் பார்த்தறியாத ஒரு சமூகத்தின் மேல் வைத்துச் சோதித்தார். ஒப்பித்திருந்தால் அது நடந்திருக்காது.

நானும் என் கருத்தைச் சொல்கிறேன். ஆனால் பருவத்தின் கடைசி வாரத்தில் சொல்கிறேன். சொல்லிவிட்டு, மூன்று உறுப்புகளாகப் பிரித்துத் தவறு கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

போன வருடம் கரும்பலகையில் எழுதினேன்: "சாதி தவறு, அது ஒருவர் தேர்ந்தெடுக்காத ஒன்றாக இருப்பதால்." எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த வாதம். ஒரு மாணவன் எழுந்தான். "சார், தாய்மொழியையும் யாரும் தேர்ந்தெடுக்கல. அப்ப அதுவும் தப்பா?" நான் வாயைத் திறந்து மூடினேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திருத்தி எழுதினேன். தேர்ந்தெடுக்காதது என்பது அல்ல குற்றம். தேர்ந்தெடுக்காத ஒன்றை வைத்து ஒருவரை மேலும் ஒருவரைக் கீழும் படிப்படியாக நிறுத்துவதுதான் குற்றம். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதும் அதைத்தான், நான் அரைகுறையாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப மேல கீழ இல்லாம, சும்மா எங்க ஆளுங்களுக்குள்ள மட்டும் கல்யாணம் பண்ணிக்கறோம்னு சொன்னா சரியா சார்?"

அகமணத்தை எடுத்துவிட்டுச் சாதியைப் பேச முடியாது என்று 1916இலேயே, கொலம்பியாவில் இருபத்தைந்து வயதில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையை நகல் எடுத்து அறுபது பேருக்கும் கொடுத்திருக்கிறேன். இந்தப் பருவம் அங்கேதான் தொடங்கியிருக்கிறோம்.

கேள்வி நேரம் அரை மணி என்றார்கள். அதில் பத்து நிமிடத்தை நானே தின்றுவிட்டேன். கேளுங்கள்.